உள்ளங்கையில் ஒட்டிய தாள்

— கறுக்கத்தான் செய்யும் பிரின்ஸி. பூம்பாறைப் பனியில எதுதான் கறுக்கல? போன மாசம் நெலாவே கறுத்துக் கெடந்துச்சு. நாந்தான் ஏணி வச்சு ஏறித் தொடச்சுவிட்டேன்.

— அப்பா, அம்மாவோட முப்பதாம் நாள் பூசை முடிஞ்சு இப்பத்தான் வீட்டுக்குள்ள வர்றோம். இன்னைக்குமா இப்படி அளக்குறீங்க? அடக்கத்துக்கு முன்ன பிச்சு வச்ச இந்த சென்சார் தாள நான் அம்மா உள்ளங்கையில ஒட்டுறப்ப கண்ணாடி மாதிரி இருந்துச்சு. அடியில கைரேகையே தெரிஞ்சுச்சு.

— தெரிஞ்சுச்சு தாயி. தாளு இருக்குறது தெரியாம வழுக்கி விழுந்து ஒரு ஈக்குக் காலே ஒடிஞ்சுபோச்சு.

— இதுக்குள்ள முடியவிட மெல்லிசா வெள்ளிக் கம்பி பரப்பியிருக்கோம்ப்பா. நெனவில்லாமக் கெடந்த அம்மா விரல லேசா அழுத்துனாலும் என் ஃபோன்ல கோடு ஏறும். நான் இங்க இருந்த வரைக்கும் ஏறுச்சு. பெங்களூர் லேபுக்குத் திரும்புனதும் நின்னுபோச்சு.

— அழுத்துறான்னு நான் சொன்னேன்ல?

— எப்படிச் சொன்னீங்க? ‘உங்கம்மா புடிச்ச புடியில வெரலு முறிஞ்சு மாவுக்கட்டு போட்டுருக்கேன்’னீங்க. காட்டெருமை வாசல்ல வந்து குடை கேட்டுச்சுன்னதும் நீங்கதான். எத நம்புறது?

— குடை கேட்டது நெசம். இன்னும் திருப்பித் தரல.

— இருங்க... இதுல ஏன் பூண்டு வாட அடிக்குது?

— வெளங்காத கைக்கு வேறென்ன செய்ய? மலைப்பூண்ட நசுக்கி எண்ணெயில காச்சி, காலையும் சாயங்காலமும் நீவிவிட்டேன். நீ ஒட்டுனதப் பிய்க்கக் கூடாதுன்னு அதுமேலயே, ஓரமெல்லாம் ஊறுற மாதிரி.

— எப்பலேர்ந்து?

— நீ பஸ் ஏறுன மறுநாள்லேர்ந்து.

— ஐயோ... பூண்டுல கந்தகம் இருக்குப்பா. வெள்ளியத் தின்னுரும். அப்ப செத்தது கம்பி. அம்மாவோட நெனவு சாகல.

— மெதுவாப் பேசு தாயி. இந்தா, தண்ணியக் குடி.

— ‘கையப் புடிச்சா அழுத்துறாங்களா? அழுத்துனா மதுரைக்குக் கொண்டுபோயி இன்னொரு வைத்தியம் பாக்கலாம்’னு டாக்டர் என்கிட்டத்தான் கேட்டாரு. ஃபோனப் பாத்துட்டு நாந்தான் வேண்டாம்னு சொன்னேன்!

— நீ என்ன தெரிஞ்சா அப்படிச் சொன்ன?

— அப்பா, ஒரு தடவ, ஒரே ஒரு தடவ உண்மையச் சொல்லுங்க. அதுக்கப்புறமும் அம்மா அழுத்துனாங்களா?

— செபமாலை சொல்லையில... ஒவ்வொரு மணி உருட்டுறப்பவும் என் சுண்டுவெரல...

— உங்க சுண்டுவிரல?

— இதென்ன, தலையில அடிச்சுக்கிற? உக்காரு. கட்டில்லயே உக்காரு.

— சொல்லுங்கப்பா!

— என்னத்தச் சொல்ல? எப்பவும்போல அளந்துவிட்டேன் தாயி. உன் ஃபோனு சொன்னதுதான் சரி. அவ கையி ஒரு நாளும் அசையல.