முதல் ஸ்கேனில் தெரியாதது

நெருங்கி உட்காருங்க, கண்ணுகளா. பயந்தா என் கையைப் பிடிச்சுக்கலாம். கிள்ளத்தான் கூடாது.

ராத்திரி ரெண்டு பத்து. ஆளில்லாத புறவழிச் சாலை. என் சிநேகிதியோட தம்பி, ஸ்கேன் டாக்டர், வேலை முடிஞ்சு காரில் தனியா வர்றான். மழை... வைப்பர் மட்டும் கிறீச், கிறீச்சுன்னு. திடீர்னு காருக்குள்ள ஆஸ்பத்திரி ஸ்பிரிட் வாசனை.

பின் சீட்டில் ஒரு சின்னக் குரல்.

"டாக்டர் மாமா... எங்கப்பா லேட் பண்ணல."

அந்தக் குரல் அவனுக்குத் தெரியும். ஏழு மாசத்துக்கு முன்ன, சைக்கிள்ல விழுந்து, ஹேண்டில்பார் முனை வயித்துல குத்தி வந்த எட்டு வயசுப் பொண்ணு. "முதுகு வலிக்குது மாமா"ன்னா. அடிபட்டது வயித்துல, முதுகு எதுக்கு வலிக்குது? விழுந்ததுல பட்டிருக்கும்னு விட்டுட்டான். அடிபட்ட அரை மணியில எடுத்த ஸ்கேன் சுத்தமா இருந்தது. வீட்டுக்கு அனுப்பிட்டான்.

வயித்துக்குப் பின்னால, முதுகெலும்பை ஒட்டினாப்பல கணையம் இருக்காம். அது கிழிஞ்சா முதல் ஸ்கேனில் தெரியாமப் போகலாமாம். ஆஸ்பத்திரியிலேயே படுக்க வெச்சு, சில மணி நேரம் கழிச்சு மறுபடி ஸ்கேன் பார்த்திருக்கணும். அவன் பார்க்கல.

மூணாம் நாள் அவ அப்பா தோளில் தூக்கிட்டு ஓடி வந்தார். பிழைக்கல.

"நான் லேட் பண்ணிட்டேனா டாக்டர்?"ன்னு கேட்டார் அப்பா.

இவன் ஆமாம்னு தலையை ஆட்டிட்டான். வாய் திறந்துகூடச் சொல்லல, பாவி.

இப்போ, அந்த மழையிலேயே வண்டியைத் திருப்பினான். அந்தப் பொண்ணு வீட்டில் விளக்கு எரியுது. தட்டறதுக்குள்ள அப்பாவே கதவைத் திறந்தார். முகம் பாதியாப் போயிருந்தது.

"நீங்க லேட் பண்ணலைங்க. தப்பு என்னோடது. அன்னிக்கு நான்தான்..." அழுதுட்டான்.

அவர் விரலை உதட்டில் வெச்சார்.

"ஷ்ஷ்... தெரியும் டாக்டர். தினமும் ராத்திரி வந்து அதையேதான் சொல்றா. நான் நம்பிட்டா போயிடுவாளாம்... அதான் நம்பாத மாதிரியே இருக்கேன். மெதுவா பேசுங்க, அவ காதுல விழுந்துடப் போகுது."

அவர் தோளுக்குப் பின்னால கட்டில் தெரிஞ்சது. மெத்தையில் ஒரு சின்னப் பள்ளம். டாக்டர் பார்த்துக்கிட்டு இருக்கும்போதே அது மெல்ல... மெல்ல... மேலே எழும்பி, சமமாச்சு.

அப்பா இன்னும் திரும்பிப் பார்க்கல.