நாளுக்கொரு பொறை

— இடுப்பு விட்டுப்போச்சு சின்னப்பிள்ளை. இந்தா, மம்பட்டியைப் பிடி. மூணடி கூட எறங்கல, அதுக்குள்ள நிமிர முடியல.

— மூணடியா? ஒன்றரை அடி இருந்தா அதிகம். இருபத்திரெண்டு வருசம் டிப்பர்ல உக்காந்து லோடு அடிச்ச ஆளு பூமாலைண்ணே நீ. கல்லைக் கையால தொடறது இன்னிக்குத்தான். தள்ளு.

— மண்ணா இது? மேல ஒரு விரக்கடை செம்மண்ணு, அதுக்குக் கீழ பூரா சுண்ணாம்புக்கல்லு. அரியலூர்ல சாவறவங்க பாவமில்ல, குழி வெட்டறவன்தான் பாவம்.

— பதினாலு வருசம் இது உன்கூட ஏத்திட்டுப் போன கல்லு எல்லாம் இந்தக் குவாரியில வெட்டுனது. இந்த நாயை இங்க பொதைக்காம வேற எங்க பொதைப்ப?

— நாயின்னு சொல்லாத, சொல்லிட்டேன். கிளீனர் இல்லாத வண்டிக்கு அதுதான் கிளீனரு. பேரே அதானே வெச்சேன். கீழப்பழுவூர் டீக்கடை பெஞ்சுக்கு அடியில கெடந்துச்சு, உள்ளங்கை அளவு. டீக்கு வாங்குன ஒரு பொறை ரொட்டியைப் பிச்சுப் போட்டேன். வண்டிக்குள்ள தூக்கி விட்டேன். அப்பறம் வண்டியை விட்டுப் போவவே இல்ல.

— அட போண்ணே, ஆயிரம் தடவ சொல்லிட்ட.

— உன் தொண்டை ஏன் இன்னும் கரகரன்னு கெடக்கு? ரெண்டு வருசமா இப்படியே பேசற. ஆஸ்பத்திரில காட்டுனியா?

— தூசிண்ணே. நாள் முச்சூடும் கல்லு ஒடைக்கற கிரஷர் வாயில கொடி புடிச்சு நிக்கறவளுக்குத் தொண்டை குயிலு மாதிரியா இருக்கும்?

— கொடி! உன் கொடியை நான் பாத்ததே இல்ல.

— பாக்க மாட்ட. நான் செவப்புத் துணியை ஆட்டு ஆட்டுன்னு ஆட்டுவேன். நீ பாட்டுக்கு ஜன்னல்ல காதை நீட்டிக்கிட்டு ரிவர்ஸ்ல வருவ.

— உன்மேல கோவம் இல்லம்மா. உனக்கு முன்ன அங்க நின்னவன் போனைப் பாத்துக்கிட்டே வா வான்னான். பின் சக்கரம் ரெண்டும் விளிம்புல. கிளீனரு குலைச்சுதோ, நான் பொழைச்சேனோ. அன்னிக்கு முடிவு பண்ணினேன், இனிமே என் முதுகை மனுசங்கிட்ட குடுக்கறதில்லன்னு. ரிவர்ஸ் போடறதுக்கு முன்ன எறக்கி விடுவேன், பின்னால போய் நிக்கும். அது குலைச்சா நிறுத்துவேன், அவ்வளவுதான். சாயங்காலம் ஷிப்ட் முடிஞ்சா நாளுக்கொரு பொறை. ஒரு நாளு பாக்கி வெச்சதில்ல.

— வூட்டுல குலைக்குமா?

— அதான் அதிசயம். போன வருசம் கீரிப்பிள்ளை கோழியைத் தூக்கிட்டுப் போவுது, இது வாசல்ல படுத்துப் பாத்துக்கிட்டே இருந்துச்சாம். என் பொண்டாட்டி வெளக்கமாத்தை எடுத்துட்டா. நான் சொன்னேன், 'மலர்கொடி, அது டூட்டி நாயிடி, டூட்டியில மட்டுந்தான் குலைக்கும்'னு.

— இப்ப நீ நாயின்னு சொன்னியே.

— நான் சொல்லலாம். அந்த மாட்டாஸ்பத்திரி டாக்டரு ஒருத்தரு. போன மாசம் இது வாயைத் தெறந்து பாத்துட்டு, 'தொண்டையில கட்டி, பழைய கட்டி, இதுக்குச் சத்தமே வராதே'ங்கறாரு. எனக்குச் சிரிப்பு வந்துடுச்சு. 'சார், நேத்து இருபது நடை அடிச்சேன், இருபது தடவ குலைச்சுது'ன்னேன். என்னை ஒரு மாதிரி பாத்தாரு.

— படிச்சவங்களும் தப்பு பண்ணுவாங்கண்ணே. ஓரமா நில்லு, மண்ணு சரியுது.

— பூமாலை அண்ணா! இங்கயா இருக்கீங்க? யார்டு பூரா தேடிட்டேன்.

— வாங்க ஜெயசீலன் சார். கிளீனரு காலையில போயிடுச்சு.

— கேள்விப்பட்டேண்ணா, மனசே சரியில்ல. நான் சூப்பர்வைசரா சேந்த மொத நாளு என் ஹெல்மெட்டைத் தூக்கிட்டு ஓடுச்சு.

— கடிச்சுப் பாத்துட்டுத் துப்பிடுச்சு சார். ருசி இல்லபோல.

— ஆமாக்கா. ஆனா டைம் இல்லண்ணா. திங்கக்கிழமை பெல்ட் ஓட ஆரம்பிக்குது, கல்லு இனிமே அதுலயே போயிடும். டிப்பர் அத்தனையும் நிக்குது. பதினோரு மணிக்குள்ள உங்க வண்டி யார்டுக்கு வரணும். பெல்ட்ல வேலை வேணும்னா இந்தப் பேப்பர்ல மேல, வேணாம்னா கீழ, ரெண்டுல ஒண்ணுல கையெழுத்து. ஓகேவா?

— பெல்ட்ல எனக்கு என்ன சார் வேலை?

— ஜோடி வேலைண்ணா. ஒருத்தர் பெல்ட்டை நிறுத்திட்டு சுவிட்ச் சாவியைக் கையில வெச்சுக்கிட்டு நிப்பாங்க. இன்னொருத்தர் அடியில பூந்து சிந்துன கல்லை வாரணும். உங்களுக்கு ஜோடி சின்னப்பிள்ளை அக்கா.

— அடியில நான் படுத்திருப்பேன், சாவி இன்னொருத்தர் கையிலயா? வேணாம்னு போட்டுக்குங்க சார்.

— நீங்களே போடுங்கண்ணா. பேப்பரும் பேனாவும் வண்டி சீட்டு மேல வெச்சுட்டுப் போறேன். அக்கா, நீங்களாவது எடுத்துச் சொல்லுங்க. பதினோரு மணி, ஓகேவா?

— நான் சொல்லி எப்ப சார் கேட்டிருக்காரு? நீங்க போங்க. ...இந்தா பாருண்ணே, அவரு போயிட்டாரு. இப்ப சொல்லு, வேலையை விட்டுட்டு என்ன கிழிக்கப் போற?

— எறையூர்ல மச்சான் இருக்கான். கரும்பு வெட்டப் போவேன்.

— ஒன்றரை அடிக் குழிக்கே இடுப்பு போச்சு. நீ கரும்பை வெட்ட மாட்ட, கரும்புதான் உன்னை வெட்டும்.

— சிரிக்காத.

— சிரிக்காம என்ன செய்ய? உன் மவ நந்தினிக்குக் காலேஜ் இன்னும் ஒரு வருசம் கெடக்கு. அண்ணிகிட்ட கரும்புன்னு சொல்லிப் பாரு, வெளக்கமாறு இந்தத் தடவ உனக்குத்தான்.

— எல்லாம் தெரியும்மா. இந்த வேலை போனா எனக்கு வேற நாதி இல்லன்னும் தெரியும். ஆனா தலைக்கு மேல பெல்ட்டு, சாவி வெச்சிருக்கறவங்க ஒரு நிமிசம் போனைப் பாத்தா?

— என்கிட்ட இருக்கறது பட்டன் போனு. அதுல பாக்க என்ன இருக்கு?

— உன்னைச் சொல்லல. மனுசனைச் சொல்றேன். பொதுவா.

— பொதுவா! சரி, குழி போதும். கோணியோட தூக்கு. மெதுவா, தலைப்பக்கம் நான் புடிக்கறேன்.

— என்னம்மா இவ்வளவு லேசா இருக்கு.

— வயசுண்ணே. பாதி மூட்டை உப்பு இருக்கு, சுத்திப் போடு.

— இரு. இது நேத்துப் பொறை. நேத்து வாயே தெறக்கல, சட்டைப் பையிலயே வெச்சிருந்தேன். இந்தாடா கிளீனரு. கணக்கு தீந்துச்சு.

— அழுவாத.

— யாரு அழுவறா? தூசி.

— அது என் சாக்கு, அதைத் தொடாத. மண்ணைத் தள்ளு. ...மணி பத்தே முக்கா ஆவப்போவுது, வண்டியை எடு.

— எப்படி எடுக்க? முன்னால கல்லுக் குவியலு. ரிவர்ஸ்லதான் வரணும். பின்னால குவாரிப் பள்ளம். யாரு சொல்லுவா எனக்கு?

— ஏறுண்ணே. நான் ஓரமா நிக்கறேன்.

— உன் கொடியைப் பாக்கணுமா?

— கொடி ஷெட்டுல கெடக்கு. எப்பவும்போல காதை நீட்டிக்கிட்டு வா.

— வரேன்... வரேன்... தூசி கெளம்பிடுச்சு, ஒண்ணும் தெரியல! சின்னப்பிள்ளை!

— லொள்! லொள்! லொள்!

— நிறுத்திட்டேன்! ஆத்தாடி, கிளீனரு! சின்னப்பிள்ளை, கேட்டியா? அது சத்தம்! அதே சத்தம்!

— தூசி அடங்கட்டும். அடங்குனதும் கண்ணாடியில பாரு.

— பாக்கறேன். நீதான் நிக்கற. வாய்கிட்ட ரெண்டு கையையும் குவிச்சுக்கிட்டு ஏன் நிக்கற?

— டாக்டரு சரியாத்தான் சொன்னாரு. ரெண்டு வருசம் முன்ன அதுக்குச் சத்தம் நின்னுபோச்சு. அன்னிக்கு அது வாயை வாயைத் தெறக்குது, காத்துதான் வருது. நீ பின்னாலயே வர. கத்துனேன், நிறுத்தல. கொடியை ஆட்டுனேன், நிறுத்தல. குலைச்சேன், நிறுத்திட்ட.

— ...இருபது நடைக்கு இருபது தடவையா?

— ஒரு நடை விடல.

— ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே தாயி.

— மனுசி சொன்னா நிறுத்துவியா நீ?

— இந்தப் பேப்பர்ல 'வேணும்'ங்கறது எங்க இருக்கு?

— மேல இருக்கறதுதான்னு ஜெயசீலன் சாரு சொன்னாரு. அழுத்திப் போடு.

— போட்டுட்டேன். திங்கக்கிழமை சாவி உன் கையில.

— அது இருக்கட்டும். கணக்கு தீந்துச்சுன்னியே, எங்க தீந்துச்சு? ரெண்டு வருசமா குலைச்சது நானு, தின்னது அது. நாளுக்கொரு பொறை, எனக்கு நீ இன்னும் பாக்கிண்ணே.