பெரியப்பாவின் எக்ஸ்ரே

— நேத்து பெங்களூர்ல உனக்கு எக்ஸ்ரே எடுத்தானே கண்ணு, அவன் உன் மூஞ்சியப் பாத்தானா?

— இன்னாப்பா கேள்வி இது? பாஸ்போர்ட்ல போட்டோவைப் பாத்தாங்க, மூஞ்சியைப் பாத்தாங்க, கட்டை விரல் ரேகைகூட எடுத்தாங்க. லண்டன் விசாவுக்கு டிபி இல்லன்னு சர்ட்டிபிகேட் வேணும்ல, சும்மா குடுத்துடுவாங்களா?

— அப்ப ஆள் மாத்திப் போவ முடியாதுன்னு சொல்லு.

— எதுக்கு ஆள் மாத்தணும்? எனக்கு லங்ஸ் க்ளீன். நீ பேச்சை மாத்தாத. காலைல இருந்து ஒரு கையெழுத்து கேக்கறேன், கோர்ட்டுல வாய்தா வாங்கற மாதிரி இழுத்துட்டே இருக்க.

— கண்ணாடி எங்க வெச்சேன்னு தெரில.

— நெத்தி மேல இருக்கு.

— அட, ஆமா.

— இந்தா பேனா. அஞ்சு மணிக்குள்ள இதை ஸ்கேன் பண்ணி அனுப்பணும்ப்பா. காலேஜ்ல சீட்டு குடுத்துட்டாங்க, இண்டர்வியூ முடிஞ்சுது. மூணே மூணு பேர்ல உன் பொண்ணு எலைனும் ஒருத்தி. நான் எழுதினதெல்லாம் நிஜம்னு வீட்ல ஒருத்தர் கையெழுத்து போட்டுட்டா ஸ்காலர்ஷிப் வந்துடும். செப்டம்பர்ல பிளேன் ஏறிடுவேன்.

— உங்க பெரியம்மாகிட்ட வாங்கிக்கயேன். அண்ணி கையெழுத்து மணி மணியா இருக்கும்.

— பெரியப்பாகூட வேலை செஞ்சவங்கதான் போடணுமாம். ஐடா பெரியம்மா எந்தச் சுரங்க ஷாஃப்ட்ல இறங்கினாங்க? நீ பெரியப்பாவுக்குத் தம்பி, ஒரே ஷாஃப்ட், ஒரே கேங்கு. உன்னை விட்டா யாரு?

— இன்னா எழுதினு கீற அதுல? படி, கேக்கறேன்.

— இங்கிலீஷ்ல இருக்கு, நான் தமிழ்ல சொல்றேன். 'என் பெரியப்பா ஹரோல்ட் தங்கச் சுரங்கத்துல பாறையைத் துளைக்கற வேலை செஞ்சார். கல்லுத் தூசி அவரோட நுரையீரலைத் தின்னுடுச்சு. ஆனா நுரையீரல் சுத்தமா இருக்குன்னு டாக்டர் எழுதி வெச்சிருக்கார். அதைக் காட்டித்தான் பெரியம்மாவுக்கு நஷ்டஈடு கிடையாதுன்னுட்டாங்க. அந்தப் பொய்யை உடைக்கணும்னுதான் நான் சட்டம் படிக்க வந்தேன்.' எப்படி இருக்கு?

— டாக்டரு பொய் எழுதல.

— இன்னாது?

— அந்த டாக்டரு நல்ல மனுசன். படத்துல இருந்தத எழுதினாரு.

— எக்ஸ்ரே எடுத்த ஆறே வருஷத்துல மூச்சு விட முடியாம செத்தவருக்குப் படம் எப்படிப்பா சுத்தமா இருக்கும்? எக்ஸ்ரே பொய் சொல்லுமா?

— எக்ஸ்ரேவும் பொய் சொல்லல.

— அப்ப யாருதான் சொன்னது?

— நான்தான்.

— நீயா?

— அப்படிப் பாக்காத எலைனு. நாலஞ்சு வருசத்துக்கு ஒருவாட்டி எல்லாரையும் நிக்க வெச்சு நெஞ்சைப் படம் எடுப்பாங்க. தூசி ஏறிடுச்சுன்னு தெரிஞ்சா அன்னிக்கோட கீழ வேலை கெடையாது. மேல தூக்கிப் போடுவாங்க, சம்பளம் கொறஞ்சுடும். அப்பால அன்ஃபிட்டுன்னு வூட்டுக்கு அனுப்பிடுவாங்க. அந்த வருசம் அண்ணன் வேலை செய்யும்போதே ரெண்டுவாட்டி அப்படியே குந்திக்கிச்சு. மூச்சு வரல. அதுக்குப் புரிஞ்சுபோச்சு. 'மனோகரு, எனக்குப் பதிலா நீ போய் நின்னுட்டு வாடா'ன்னு என் கையப் புடிச்சுக்கிச்சு.

— நீ போன.

— போனேன். எனக்கு இருபத்தாறு வயசு. அண்ணனும் நானும் ஒரே அச்சு. எக்ஸ்ரேக்காரன் கழுத்துல தொங்கற பித்தளை டோக்கன்ல நம்பரத்தான் பாப்பான், மூஞ்சிய எவன் பாத்தான்? அண்ணன் டோக்கனை மாட்டிக்கினு லைன்ல நின்னேன். 'மூச்ச இழுத்துப் புடி'ன்னான். புடிச்சேன்.

— அப்ப பெரியம்மா குடுத்து நான் பெட்டியில வெச்சிருக்கற அந்த எக்ஸ்ரே படம்...

— என் நெஞ்சு கண்ணு அது.

— கர்த்தாவே. அதை நான் மூணு வருஷமா ஜன்னல் வெளிச்சத்துல வெச்சு வெச்சுப் பாத்திருக்கேன். என் சீனியர் வக்கீல்கிட்ட காட்டினேன். இண்டர்வியூல கேமரா முன்னாடி தூக்கிப் பிடிச்சேன். அவங்கள்ல ஒரு அம்மா கண்ணைத் துடைச்சிக்கிட்டாங்கப்பா.

— ஊரே அப்ப அப்படித்தான் பண்ணிச்சு. தம்பி அண்ணனுக்குப் போவான், மச்சான் மாமனுக்குப் போவான். உதவின்னு நெனச்சோம். அப்பவே மேல ஏத்தியிருந்தா இன்னும் பத்து வருசம் இருந்திருக்கும் அண்ணன். நான்தான் திரும்பவும் கீழ அனுப்பி வெச்சேன். தெனம் ராத்திரி இதே நெனப்புதான்.

— முப்பது வருஷமா முழுப் பூசணிக்காயை சோத்துல மறைச்சிருக்க. ஒரு வார்த்தை சொல்லக்கூடாது?

— யாருகிட்ட? சர்ச்சுல முட்டி போடும்போதுகூட அந்த டாக்டரத்தான் சபிக்கறாங்க அண்ணி. நீ அவங்க மடியில குந்திக்கினு அந்தக் கதையக் கேட்டே வளந்தவ. அஞ்சு வயசுலயே லாயர் ஆவேன்ன. கறுப்புக் கோட்டு போட்டுக்கினு வந்து நின்ன அன்னிக்கி, எந்த வாயால சொல்றது?

— பெரியம்மாவுக்குத் தெரியவே தெரியாதா?

— தெரியாது. தெரியக்கூடாதுன்னு அண்ணன் சத்தியம் வாங்கிக்கிச்சு. தெரிஞ்சா அன்னிக்கே போய்ச் சேந்துடுவாங்க அந்தப் பொம்பள. டாக்டரு பொய் எழுதிட்டாருன்ற நெனப்புலதான் உயிரைப் புடிச்சினு கீறாங்க.

— ஏன்ப்பா இன்னிக்கு சொன்ன? நாளைக்கு சொல்லியிருக்கக்கூடாதா? நான் பாட்டுக்கு ஒண்ணும் தெரியாம போயிருப்பேனே.

— கை வரல கண்ணு. நேத்து உனக்கு எக்ஸ்ரே எடுத்த ஆஸ்பத்திரி வாசல்ல குந்தியிருந்ததுல இருந்து அண்ணன் மூஞ்சிதான் முன்னாடி வந்து நிக்குது. சரி, குடு. போட்டுடறேன். ஒரு பொய்க்கு நின்னவன் இன்னொரு பொய்க்குக் கையெழுத்துப் போடமாட்டனா? யாரு வந்து தோண்டிப் பாக்கப்போறான்?

— வேணாம்.

— குடும்மா. இந்த ஊர்ல இன்னா இருக்கு உனக்கு? நீயாச்சும் போ.

— வேணாம்னு சொன்னேன்ல. இப்ப எனக்குத் தெரியும். தெரிஞ்சே பொய்யைக் குடுத்துட்டு, அங்க போய் நியாயத்தைப் படிக்கறதா?

— அப்ப நடந்தத நடந்தபடியே எழுது.

— எழுதலாம். பெரியம்மாவோட பேரு, போன் நம்பர் எல்லாம் அதுல குடுத்திருக்கேன். விசாரிக்க ஒரே ஒரு போன் வந்தா போதும், அவங்க கதை முடிஞ்சுது. அவங்க உசுரை எடுத்துட்டு நான் லண்டன் போகணுமா?

— பேங்குல லோனு...

— பட்டா இல்லாத சுரங்கக் கம்பெனி லைன் வீட்டுக்கு எவன் லோன் குடுப்பான்? போன வருஷமே ஏறி இறங்கியாச்சுப்பா.

— இன்னா டைப் பண்ற? எலைனு? இரு, இரு, அவசரப்படாத.

— 'குடும்பச் சூழ்நிலை காரணமாக நான் விலகிக்கொள்கிறேன்.' அவ்வளவுதான். அனுப்பிட்டேன்.

— அய்யோ. திருப்பி வாங்கிக்க முடியாதா அத்த?

— தோ, பதிலே வந்துடுச்சு. 'வருந்துகிறோம். உங்கள் இடத்துக்கு அடுத்தவரை அழைக்கிறோம்.' எவ்வளவு சுறுசுறுப்பு பாரு.

— நான் பாவி. ரெண்டு பேரைக் கீழ தள்ளிட்டேன்.

— அழாதப்பா. எனக்கு உன்மேல கோவம் கோவமா வருது, ஆனா நீ அழுதா பாக்க முடியல. நாளைக்குக் காலைல ட்ரெயினுக்கு எழுப்பி விடு. சீனியர்கிட்ட வேலையை விட்டுட்டேன்னு சொல்லிட்டு வந்தேன், இப்ப போய் கெஞ்சணும்.

— வெளிய செருப்பு சத்தம் கேக்குது. அண்ணிதான். இன்னா சொல்லப்போற?

— நீ வாயைத் திறக்காத. முகத்தைத் துடை. நான் பாத்துக்கறேன்.

— எலைனு! ஏய் லண்டன்காரி! உனக்காக நந்திதுர்க் லைன்ல இருந்து ராபர்ட்சன்பேட்டை மார்க்கெட்டுக்குப் போய், ஆறு ஜோடி கம்பளி சாக்ஸ் வாங்கினு வரேன். அங்க காலு மரத்துப் பூடுமாமே. கடைக்காரன்கிட்ட வாய்ச்சண்டை போட்டு வாங்கினேன்டி.

— உக்காருங்க பெரியம்மா. தண்ணி குடிங்க.

— இன்னாடி ரெண்டு பேரும் சாவு வூட்ல குந்தினு கீற மாதிரி கீறீங்க? மனோகரு, பாப்பா குடுத்த பேப்பர்ல கையெழுத்துப் போட்டியா?

— அது வந்து அண்ணி...

— பெரியம்மா, லண்டன் இல்ல. ஸ்காலர்ஷிப் குடுக்க மாட்டேன்னுட்டாங்க.

— ஏசப்பா! இன்னாத்துக்கு?

— ஒண்ணும் இல்ல. டாக்டர் பொய் எழுதிட்டார்னு எழுதியிருந்தோம்ல, அதை அவங்க நம்பல. வெள்ளைக்காரங்களுக்கு நம்ம கஷ்டம் எங்க புரியப்போகுது? விடுங்க பெரியம்மா.

— நம்பலியா?

— நம்பல.

— கடலுக்கு அந்தாண்ட கீறவனுக்கு யாருடி சொன்னது, அன்னிக்கு எக்ஸ்ரேக்குப் போய் நின்னது உங்கப்பன்னு?