வவுச்சரில் வாங்க முடியாத ஆள்

கிளேட்டன் போகும் ரயிலில் எனக்கு எதிரே இரண்டு பெண்கள். கழுத்தில் பள்ளிக்கூட அடையாள அட்டை போட்டிருந்த இளையவள் சொன்னாள்: "எங்களை ஏமாத்தின கொம்பனியை நான் தினமும் கும்பிடுறனான் அன்ரி."

"என்ன பிள்ளை, விசரே?"

"வேற ஆரும் சொஃப்ட்வெயர் விக்கேலாமப் பண்ணி, பள்ளிக்கூடங்களிட்ட அநியாய விலை வாங்கினவங்கள். கேஸ் முடிய, நட்டஈட்டைக் காசாத் தரேல்லை. வவுச்சர்தான். அதில கொம்பியூட்டர் மட்டும்தான் வாங்கலாம்."

"பிறகேன் கும்பிடுறாய்?"

"கொம்பியூட்டருக்கெண்டு பிரின்சிபல் ஒதுக்கின காசு மிஞ்சிட்டுது. அதில, அதுகளைப் பாக்க ஒரு ஆளை வேலைக்கு எடுத்தவ."

"ஆரை?"

"ட்ருகனினாவில ஒரு வேர்ஹவுசில பெட்டி அடுக்கின ஒருத்தியை."

அட்டையைத் திருப்பிக் காட்டினாள். அன்ரி கண்ணாடி போட்டு, அவளுடைய படத்துக்குக் கீழே இருந்த வேலைப் பெயரை வாசித்தார். பிறகு அதைச் சால்வை நுனியால் துடைத்து, நேராகத் தொங்கவிட்டார்.