பழையதைத் தொடவில்லை

எதையும் அடித்துப்பிடித்துச் செய்வது எனக்குப் பிடிக்காது, சார். புது மென்பொருள் வந்தால் பழையதன் தலையில் ஏற்ற மாட்டேன். பக்கத்தில் தனி ஃபோல்டரில் குடிவைப்பேன். பழையது பாட்டுக்கு ஓடும். இரண்டுக்கும் ஒரே கணக்கைக் கொடுத்து, விடை ஒத்துப்போனால்தான் மாற்றுவேன்.

எங்கள் மருத்துவமனையில் புற்றுநோயாளிக்கு எவ்வளவு கதிர்வீச்சு என்று கணக்குப் போடும் புரோகிராம், பைதான் என்ற கணினி மொழியின் தொகுப்பு ஒன்றின் மேல் ஓடுகிறது. நிறுவியவன் நான். ஒரு நாளும் நின்றதில்லை. புதுத் தொகுப்பு வந்தபோது பெரிய டாக்டர் சொன்னது ஒன்றுதான்: "போடுங்க. ஆனா ஓடிட்டிருக்கிறது உடைஞ்சுதுன்னா உங்க சீட்டு கிழிஞ்சிரும்."

விடைகள் ஒத்துப்போகவில்லை. தொண்டைக் கணக்குகளில் பழையது கதிர்வீச்சின் அளவைத் தூக்கலாகச் சொன்னது. கருவி வைத்து அளந்தேன். புதியதுதான் சரி. பழையதில் நான் கையால் போட்டிருந்த ஓர் ஒட்டுவேலைதான் கோளாறு. சொன்னால் அன்றே எல்லாவற்றையும் நிறுத்துவார்கள். உடையக் கூடாது என்பதுதானே உத்தரவு? பழையதைத் தொடவில்லை.

அந்த வாரம் என் மனைவியின் அண்ணன் தொண்டைக் கட்டியோடு வந்து சேர்ந்தார். புதியதைச் சோதிக்க ஓர் ஆள் தேவைப்பட்டது. மச்சானின் கணக்கை மட்டும் அதில் போட்டேன்.

வராந்தா பெஞ்சில் அவருக்குப் பக்கத்தில் ஒரு லாரி டிரைவர் உட்காருவார். அதே கட்டி, பழைய கணக்கு. கழுத்துத் தோல் கறுத்து உரிந்திருந்தது.

"என்னண்ணே, உங்க கழுத்து மட்டும் கல்யாண மாப்பிள்ளை கணக்கா மினுங்குது? மெஷின் உங்களுக்குச் சொந்தமா?" என்றார், கம்மிய குரலில்.

"மெஷின் இல்லப்பா, கம்ப்யூட்டர்தான் சொந்தம்." மச்சான் என்னைக் காட்டினார். "எல்லாம் நம்ம மாப்ள கைங்கரியம்."

டிரைவர் கும்பிட்டார். "அப்ப என்னையும் கொஞ்சம் கவனிங்க சார். தண்ணிகூட எறங்க மாட்டேங்குது."

பார்க்கிறேன் என்றேன். போய்ப் பார்த்தேன். பழையது நன்றாகவே ஓடிக்கொண்டிருந்தது.

சில வாரத்தில் பெஞ்சில் அவர் இடம் காலியானது. தொண்டை புண்ணாகி ரத்தக் குழாய் வெடித்துவிட்டதாம். அவருக்கு முன்னும் சிலர் போனார்கள், பின்னும் சிலர். மச்சான் குணமாகி வீட்டுக்குப் போனார்.

தெரிந்தேவா செய்தாய் என்று விசாரணையில் கேட்கிறீர்கள். தெரியாமல் மச்சானை மட்டும் எப்படிப் பிரித்தெடுத்திருப்பேன்?

ஒன்றே ஒன்று, சார். உங்கள் ஆட்கள் இன்று பழையதை மூடப் போகிறார்களாம். பார்த்து மூடச் சொல்லுங்கள். உடைத்துவிட்டுப் பழியை என் தலையில் போடக் கூடாது.