ஒரு தடவைக்கு ஒருத்தர்

சாயங்காலம் நாலே முக்கால் மணி, மேல ரெண்டு பேர், அடிபட்டது குருவி. அவ்வளவுதான் தம்பி. கேட்டீங்க, சொல்லிட்டேன். குருவின்னா எம்பொண்ணு, ஏழு வயசு. கனமே இல்லாம இருப்பா, அப்படியே பேரு நின்னுருச்சு. போன நவம்பர் எட்டாம் தேதி. முட்டிக்குக் கீழ எலும்பு. இப்ப நடக்கறா, ஓடத்தான் டாக்டர் இன்னும் விடல. இல்ல இல்ல, பொருள் மேல குத்தமே இல்ல. சும்மா குடுக்கறாளே, ஓட்டை உடைசலா இருக்குமோன்னு நினைக்கறீங்க, உங்க மூஞ்சியிலயே தெரியுது. பிள்ளைங்க ஏறிக் குதிக்கறதுக்கு இது நல்ல ட்ராம்போலின். சட்டத்தைத் தட்டிப் பாருங்க. துருவே கிடையாது.

பாத்து வாங்க, அந்தக் கொடி தலையில இடிக்கும். நீலச் சட்டையை ஒதுக்கிட்டுக் குனிஞ்சு வாங்க. என் வேலை உடுப்பு அது. பெரிய ஆஸ்பத்திரியில அவசரப் பிரிவுல பதிவுக் கவுண்டர், பதிமூணு வருஷமாச்சு. அடிபட்டு வர்றவங்க விவரத்தைப் பாரத்துல எழுதறது நான்தான். எத்தனை மணிக்கு, எத்தனை பேர், யாரு. அதான் வீட்லயும் பேச்சு இப்படியே வருது. சோத்துல உப்பு இல்லன்னு சொன்னாக்கூட எத்தனை மணிலேர்ந்து இல்லன்னு கேப்பியேம்பார் வீட்டுக்காரர்.

கையுறை கொண்டு வரலையா? நினைச்சேன். இந்தாங்க, அவரோடது. போடாம ஸ்பிரிங்ல கை வெச்சீங்கன்னா நகம் போயிரும். நாளைக்கு எங்கிட்டதான் பாரம் எழுத வருவீங்க.

அய்யோ, அப்படி வரிசையா கழட்டாதீங்க! ஒரு பக்கமே கழட்டினா இன்னொரு பக்கம் மொத்த இழுப்பும் சேந்து சட்டம் கோணிரும். எதிரெதிரா. ஒவ்வொரு ஸ்பிரிங் பக்கத்துலயும் சிவப்புப் பெயிண்ட்ல நம்பர் இருக்கு பாருங்க. ஒண்ணு கழட்டினா அடுத்தது முப்பத்தேழு. அப்புறம் பத்தொம்போது, அதுக்கு எதிர்ல அம்பத்தஞ்சு. மாட்டறப்பவும் இதே கணக்குதான். மொத்தம் எழுபத்தி ரெண்டு. கொக்கி மூக்கு கீழ பாத்து இருக்கணும், மேல பாத்து இருந்தா துணியைக் கிழிக்கும்.

நான் கண்டுபிடிச்சதா? நல்லா கேட்டீங்க. எனக்கு ஸ்பேனர் எது இடுக்கி எதுன்னே தெரியாது. இதெல்லாம் என் கொழுந்தனார் வேலை, வீட்டுக்காரரோட தம்பி. லிஃப்ட் ரிப்பேர் பாக்கறவர். எங்க வீட்ல அவருக்கு இன்ஸ்பெக்டர்னு பேரு. ஒரு நாற்காலி வாங்கினாக்கூட நாலு காலையும் ஆட்டிப் பாத்துட்டுத்தான் உக்காருவார். இதை மாட்ட ஒரு ஞாயித்துக்கிழமை முழுக்க எடுத்துக்கிட்டார். ரசமட்டம் வெச்சுத் தரை பாத்து, அந்த மூலையில மண்ணை வெட்டி இங்க போட்டு, நாலு பக்கமும் ரெண்டு மீட்டர் காலி இடம் விட்டு. மேல வந்த கிளையை வெட்டினார். எங்க வீட்டுக்காரருக்குக் கப்பல்ல வேலை, அங்கேர்ந்து வீடியோவுல பாத்துட்டு, டேய், பிள்ளை குதிக்கத்தானடா போகுது, விமானமா இறங்கப் போகுதுன்னார். அண்ணா, இறங்கறதுலதான் எல்லாம் இருக்குன்னார் இவர்.

கால் நாலையும் தரையோட சேத்து அடிக்கிற முளைக்கம்பி அந்தச் சாக்குல இருக்கு. அடிக்காம விட்டுராதீங்க. காத்துக்கு இது எந்திரிச்சுப் பக்கத்து வீட்டுக்குப் போயிரும். சுத்தி நிக்கற வலைக்கு ஜிப் இருக்கு, உள்ள போனதும் மூடணும். குதிச்சு முடிச்சதும் ஏணியை எடுத்து வீட்டுக்குள்ள வெச்சுருங்க. ஏணி இருந்தா பிள்ளைங்க தன்னால ஏறிரும். உங்களுக்கு ரெண்டு பொண்ணுன்னீங்கல்ல? சின்னவளுக்கு எத்தனை வயசு? நாலா? அப்ப அவளுக்கு இப்ப வேண்டாம். ஆறு முடியட்டும். அழத்தான் செய்வா. அழட்டும், அழுது யாருக்கும் எலும்பு முறிஞ்சதில்ல, நான் எழுதின பாரத்துல ஒண்ணு கூட இல்ல.

அந்தப் பலகையையும் வண்டியில வெச்சுக்கங்க. ஆமா, அவர் எழுதினதுதான். லிஃப்ட்ல எழுதற எழுத்து மாதிரியே இருக்குல்ல? ஒரு தடவைக்கு ஒருத்தர். அதைத்தான் திருப்பித் திருப்பிச் சொல்வார். ரெண்டு பேர் ஏறினா, அதுலயும் ஒருத்தர் பெரியவங்களா இருந்தா, பெரியவங்க இறங்கற நேரமும் பிள்ளை இறங்கற நேரமும் ஒரு துளி முன்னப் பின்ன ஆகும். அந்தத் துணி பெரியவங்க கனத்தை எல்லாம் வாங்கி அப்படியே பிள்ளை கால்ல கொண்டு போய்க் குடுக்கும். பிள்ளை விழக்கூட வேண்டாம். நின்ன வாக்குலயே முறியும்.

ஆமா. குருவிக்கும் அப்படித்தான். மேல ரெண்டு பேர்னு முதல்லயே சொன்னேனே.

பெரியவங்க யாரா? பாரத்துல கொழுந்தனார்னு இருக்கு.

சிரிக்காதீங்க தம்பி. எல்லாரும் சிரிச்சாங்க, சட்டம் எழுதினவனே சட்டத்தை மீறிட்டானான்னு. வீட்டுக்காரர் சிரிக்கல. கப்பல்லேர்ந்து போன் போட்டு, இனிமே என் வீட்டு வாசப்படி மிதிக்காதேன்னு சொன்னார். அதோட சரி, ஏழு மாசம் அண்ணன் தம்பி பேச்சு இல்ல. அம்மா அப்பா இல்லாம ஒருத்தரை ஒருத்தர் பாத்து வளந்தவங்க. இப்ப வர்ற பதிமூணாம் தேதி, வெள்ளிக்கிழமை, கொழுந்தனாருக்குக் கல்யாணம். பதிவாளர் ஆபீஸ்ல, காலைல பத்தரை மணிக்கு. மூணு சாட்சி வேணும். ரெண்டு பேர் பொண்ணு பக்கம். மூணாவதா அண்ணன் வந்து கையெழுத்துப் போடணும்னு எனக்குப் போன் பண்ணிச் சொன்னார். வேற ஒண்ணும் கேக்கல. அண்ணி, அண்ணன்கிட்ட ஒரு வார்த்தை சொல்லுங்கன்னார், அவ்வளவுதான்.

வீட்டுக்காரர் பதினொண்ணாம் தேதி, புதன்கிழமை வந்துருவார். கல்யாணத்துக்குப் போறதப் பத்திப் பேசாதேன்னுட்டார். நான் வர்றப்ப அந்தச் சனியன் தோட்டத்துல இருக்கக் கூடாதுன்னார். அதான் உங்களுக்குக் கிடைச்சுது.

எத்தனை ஆச்சு? நாப்பத்தாறா? பரவால்ல, வேகமாத்தான் பண்றீங்க. தண்ணி குடிங்க.

ஒரு விஷயம் சொல்றேன், நீங்க எங்கயும் போய்ச் சொல்லப் போறதில்ல. எங்க பாரத்துல ரெண்டு கட்டம் இருக்கும். அழைத்து வந்தவர்னு ஒண்ணு. அதுக்குக் கீழயே, சம்பவத்தின்போது உடனிருந்தவர்னு ஒண்ணு. நூத்துக்குத் தொண்ணூறு பேருக்கு ரெண்டும் ஒரே ஆளா இருக்கும். அதனால மேல பேரை எழுதிட்டு, கீழ மேற்படின்னு போட்டுட்டுப் போயிட்டே இருப்போம். கை தன்னால எழுதும். அன்னிக்குக் குருவியை வண்டியில தூக்கிப் போட்டு ஓட்டிக்கிட்டு வந்தது கொழுந்தனார். கவுண்டர்ல இருந்த பொண்ணு, அக்கா நீங்களே எழுதிருங்கன்னு பாரத்தை எங்கிட்ட தள்ளிருச்சு. எழுதினேன். மேல அவர் பேரு. கீழ மேற்படி.

இல்ல. சம்பவம் நடந்தப்ப அவர் தோட்டத்துலயே இல்ல. சத்தம் கேட்டு அவர் வீட்லேர்ந்து ஓடி வந்தார். ரெண்டு வீடு தள்ளி.

எழுதி முடிச்சதும் பாத்தேன் தம்பி. பாத்துட்டேன். பேனா கையிலதான் இருந்துச்சு. ஒரு கோடு இழுத்தா முடிஞ்சுது. எத்தனை பேர் பொய் சொல்றதை அந்த ஜன்னல் வழியா கேட்டிருக்கேன், படியில விழுந்துட்டா, கதவு இடிச்சுதுன்னு. எனக்குள்ளயே சிரிச்சுக்கிட்டு எழுதியிருக்கேன். பாரத்தை அவர்கிட்ட குடுத்தேன், அழைத்து வந்தவர் கையெழுத்துப் போடணும்ல. இன்ஸ்பெக்டராச்சே, படிக்காம போடுவாரா? மேலேர்ந்து கீழ வரைக்கும் படிச்சார். மேற்படியில விரலை வெச்சார். என்னைப் பாத்தார். அப்புறம் போட்டார்.

ஏன் போட்டார்னு நான் கேக்கல. கேட்டா சொல்லிருவார். சொன்னா அப்புறம் நான் ஏதாவது செய்யணும்ல?

ராத்திரி வீட்டுக்காரர் போன்ல, சித்தப்பாவாடா கூட குதிச்சதுன்னு குருவியைக் கேட்டார். குருவி என்னைப் பாத்தா. நான் போர்வையைச் சரி பண்ணிக்கிட்டு இருந்தேன். ஆமாப்பான்னா. அது கூடப் பரவால்ல, பிள்ளைக்கு மறந்துரும், என்னிக்காவது நானே சொல்லிக்கலாம்னு நினைச்சேன். போன செவ்வாக்கிழமை கால் பயிற்சிக்குக் கூட்டிட்டுப் போனேன். அந்தப் பயிற்சிக்காரம்மா எப்படிடா கண்ணு அடிபட்டுச்சுன்னு பேச்சுக் குடுத்தாங்க. இவ சொல்றா. சித்தப்பா ஏறினாரு, சித்தப்பா சிரிச்சாரு, நீலச் சட்டை போட்டிருந்தாரு, பொத்தான் கூட ஒண்ணு தெறிச்சுச்சுன்னு. நான் சொல்லிக் குடுக்கல தம்பி. ஒரு வார்த்தை சொல்லிக் குடுக்கல. அவ நிஜமாவே அப்படித்தான் பாக்கறா இப்ப.

கொழுந்தனார்கிட்ட நீலச் சட்டையே கிடையாது. அவங்க கம்பெனியில சாம்பல் கலர். நீலம் எங்க ஆஸ்பத்திரி. நீங்க வர்றப்ப ஒதுக்கிட்டு வந்தீங்களே, அதேதான். மூணாவது பொத்தான் மட்டும் வேற கலரா இருக்கும்.

என்ன நிறுத்திட்டீங்க? கழட்டுங்க. வெளிச்சம் போயிரும்.

அன்னிக்கு எழுபத்தோரு பாரம் எழுதிட்டு வந்தேன். உடுப்பு கூட மாத்தல. வாம்மா ஒரே ஒரு தடவைன்னா குருவி. பலகை அங்கதான் தொங்கிக்கிட்டு இருந்துச்சு, நானும் படிச்சேன். நல்லா இருந்துச்சு தம்பி. அதுல பொய் சொல்ல மாட்டேன். ஆறோ ஏழோ குதி. வயித்துக்குள்ள என்னமோ பண்ணி, ரெண்டு பேரும் சிரிச்சோம். அப்புறம் அவ சிரிப்பு மட்டும் நின்னுருச்சு.

புதன்கிழமை சொல்லிருவேன். அவர் வந்து பையை இறக்கி வெச்சதும் சொல்லிருவேன். அதுக்கப்புறம் ஒரு முழு நாள் இருக்கு, வெள்ளிக்கிழமைக்கு.

பலகை ஏறிருச்சா? மறந்துராதீங்க.

*

அலோ, தம்பியா? நான்தான், ட்ராம்போலின் குடுத்த அக்கா. மாட்டிட்டீங்களா? இன்னும் மாட்டலையா, நல்லதாப் போச்சு. இன்னிக்குப் புல்லு வெட்டறப்ப ஒரு ஸ்பிரிங் கிடைச்சுது. நம்பர் எதுவா? ஸ்பிரிங்ல எங்க இருக்கு, நம்பர் சட்டத்துலதான. எண்ணிப் பாருங்க, உங்ககிட்ட எழுபத்தி ஒண்ணுதான் இருக்கும். அது இல்லாம மாட்டிராதீங்க, பக்கத்து ரெண்டு ஸ்பிரிங்குக்கும் இழுப்பு ஏறிரும். நாளைக்குக் கவுண்டர்ல வெச்சிருக்கேன், வந்து வாங்கிக்கங்க.

ம். வந்துட்டார். புதன்கிழமையே வந்துட்டார். பையை இறக்கி வெச்சுட்டு நேரா தோட்டத்துக்குத்தான் போனார். போயிருச்சான்னு கேட்டார். போயிருச்சுன்னேன். அங்க புல்லு வட்டமா வெளுத்துக் கிடந்துச்சு, அதையே பாத்துக்கிட்டு நின்னார். பசிக்குதுன்னார். சோறு போட்டேன்.

கல்யாணமா? ஆச்சு தம்பி. பதிமூணாம் தேதி, வெள்ளிக்கிழமை, பத்தரை மணிக்கு. மூணாவது சாட்சி அவங்க கம்பெனி வாட்ச்மேன்.