ஆடிய கட்டைவிரல்

இந்தப் போலீஸ் வாக்குமூலத்தின் மேலே பதிவான பெயரும் முகவரியும் என்னுடையவைதான். வயது இருபத்தாறு. எலக்ட்ரிக்கல் டிப்ளமா படித்துவிட்டு லிஃப்ட் டெக்னீசியனாக இருக்கிறேன். அடிபட்டவர் என் அக்காவின் கணவர். ஒரே கம்பெனியில் ஜோடியாக வேலை செய்கிறோம்.

சென்ற மாதம் பன்னிரண்டாம் தேதி காலை பத்தரை மணிக்கு, மாமா முதல் மாடியில் லிஃப்ட் கதவுப் பூட்டைச் சரிசெய்யும்போது கால் தவறிக் குழிக்குள் விழுந்தார். நான் கீழ்க்கதவைத் திறந்து இறங்கினேன். மல்லாந்து கிடந்தார். நினைவு இருந்தது. "இடுப்புக்குக் கீழ மரத்துப்போச்சுடா" என்றார். அதன் பிறகு அவருடைய ஷூவைக் கழற்றி, வயர் அறுந்திருக்கிறதா என்று பார்ப்பதுபோல டெஸ்டர் முனையால் உள்ளங்காலில் குத்தி, விரலை ஆட்டச் சொன்னேன். வலது கட்டைவிரல் ஆடியது. மறுபடி சொன்னேன், மறுபடி ஆடியது. "குத்தாதடா, நான் என்ன சுவிட்ச் போர்டா" என்றார்.

ஆம்புலன்ஸ் வர இருபது நிமிடம் ஆகும் என்று வாட்ச்மேன் மேலிருந்து சொன்னார். "ஆம்புலன்ஸ் பலகை வரட்டும்டா, தூக்காத" என்றார் மாமா. எனக்குக் காத்திருக்கப் பிடிக்காது. "லைன் அறுந்திருந்தா விரல் ஆடுமா? சும்மா நடிக்காதீங்க" என்று சொல்லி, அக்குளில் கை கொடுத்து உட்கார வைத்தேன். முதுகில் நெறுக்கென்று சத்தம் கேட்டது. அதன் பிறகு நான்கு முறை குத்தினேன். ஆடவில்லை. "குத்துடா, பாப்போம்" என்றார்.

அதன் பிறகு ஆஸ்பத்திரியில், விழுந்தவுடன் கால் ஆடியதா என்று டாக்டர் கேட்டார். முதலில் ஆடிப் பிறகு நின்றிருந்தால் இன்றே ஆபரேஷன் செய்து, தண்டுவடத்தை அழுத்தும் எலும்பை எடுக்க வேண்டும், கொஞ்சமாவது திரும்ப வாய்ப்புண்டு, விழும்போதே அசைவு போயிருந்தால் அவசரமில்லை, ஆபரேஷன் வரிசைப்படிதான் என்றார். மாமா "ஆடுச்சு டாக்டர்" என்றார். நான் "இல்ல சார், வலியில உளர்றாரு" என்றேன். அக்கா, "என் தம்பி படிச்சவன், அவனுக்குத் தெரியாதா" என்றாள். ஆபரேஷன் மூன்றாம் நாள் நடந்தது.

இன்றுவரை கால் அசையவில்லை. சிறுநீர் குழாயில் போகிறது. இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை அக்கா புரட்டிப் போடுகிறாள். விழும்போதே கால் போய்விட்டது என்று மாமா தங்களிடம் சொல்லியிருக்கிறார். அது என்னைக் காப்பாற்றச் சொன்னதல்ல. நானும் அக்காவும் சொல்லிச் சொல்லி, அவரே நம்பிவிட்டார்.

ஆடியது. இரண்டு முறை.

இதை எனக்கு வாசித்துக் காட்டினார்கள், நான் சொன்னபடியே இருக்கிறது, யாரும் மிரட்டிச் சொல்லவில்லை. என்னைக் கூட்டிப்போக வந்த அக்கா வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறாள். அவளுக்கு இன்னும் தெரியாது.

(கையொப்பம்)